வேர்ட்பிரஸ் தளத்துக்கு எந்த சர்வர் அமைப்பு? ஸ்டேட்டிக் கோப்பும் டைனமிக் பக்கமும் ஒரே விபிஎஸ்ஸில் ஓட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2 ஜிபி ரேம், 2 கோர் உள்ள ஒரு விபிஎஸ்ஸை (பெரிய சர்வர் ஒன்றில் தனியாகப் பிரித்துத் தரும் மெய்நிகர் சர்வர்) வாடகைக்கு எடுத்து அதில் செய்தித் தளமோ, இணைய இதழோ, கல்லூரித் தளமோ நடத்துகிறவர்களுக்கான பக்கம் இது. டெபியன் 12, பிஎச்பி 8.2, மரியாடிபி, வேர்ட்பிரஸ் என்று வைத்துக்கொண்டு எண்கள் தந்திருக்கிறோம். ட்ரூபல், லாரவெல் என்றாலும் கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

ஸ்டேட்டிக், டைனமிக் என்று ஏன் இவ்வளவு பிரித்துப் பேச வேண்டும்?

செலவு வேறு என்பதால். ஒரு படத்தையோ சிஎஸ்எஸ் கோப்பையோ கேட்டால் சர்வர் கோப்பைத் திறந்து, சென்ட்ஃபைல் என்ற அழைப்பு வழியாக, இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னலிடம் ஒப்படைத்துவிடுகிறது. சிபியுவுக்கு வேலையே இல்லை எனலாம். ஒரு வேர்ட்பிரஸ் கட்டுரையைக் கேட்டால் பிஎச்பி ப்ராசஸ் ஒன்று எழுந்து, தீம், ப்ளகின் எல்லாவற்றையும் ஏற்றி, டேட்டாபேஸில் பல பத்து க்வெரிகளை ஓட்டி, எச்டிஎம்எல்லைக் கட்டித் தருகிறது. அதற்கு 50 எம்பிக்கு மேல் ரேம் போகிறது. சிபியு 100 முதல் 300 மில்லிசெகண்டு வரை உழைக்கிறது.

ஒரு வாசகர் ஒரு கட்டுரையைத் திறக்கும்போது டைனமிக் கோரிக்கை ஒன்றுதான். அதோடு படம், எழுத்துரு, ஸ்கிரிப்ட் என்று ஸ்டேட்டிக் கோரிக்கைகள் முப்பது நாற்பது வரும். அந்த முப்பதுக்கும் பிஎச்பியைத் தூக்கிச் சுமக்கும் ப்ராசஸையே அனுப்பினால் ரேம் அங்கேயே தீர்ந்துவிடும். ஆகவே எந்த சர்வர் என்பதைவிட, எத்தனை கோரிக்கைகளை பிஎச்பி வரை போகவிடாமல் முன்னாலேயே முடித்தனுப்புகிறோம் என்பதுதான் தளத்தின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதைச் சுற்றியே வரும்.

அப்பாச்சியா, என்ஜின்எக்ஸா?

இரண்டும் வெப் சர்வர் மென்பொருள்கள். புதிதாகத் தொடங்குகிறீர்கள், தளம் உங்கள் கையில் இருக்கிறது என்றால் என்ஜின்எக்ஸ், பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பியைத் தனி ப்ராசஸ்களாக ஓட்டும் சேவை). எச்டிஅக்ஸஸ் கோப்புகளை (கோப்புறைக்குள்ளேயே அப்பாச்சிக்கான விதிகளை எழுதி வைப்பவை) நம்பியிருக்கும் பழைய தளம், அல்லது ஒரே சர்வரில் பலர் தங்கள் விதிகளைத் தாங்களே மாற்றிக்கொள்ள வேண்டும் என்றால் அப்பாச்சி. ஆனால் ஈவன்ட் எம்பிஎம் முறையில் (எம்பிஎம் என்பது இணைப்புகளை அப்பாச்சி கையாளும் விதம்), அதே பிஎச்பி-எஃப்பிஎம் உடன்.

தவிர்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: இணைப்புக்கு ஒரு ப்ராசஸ் என்ற ப்ரீஃபோர்க் முறையில் மாட்_பிஎச்பி. இதில் ஒவ்வொரு அப்பாச்சி ப்ராசஸுக்குள்ளும் பிஎச்பி உட்கார்ந்திருக்கும். டெபியன் தரும் அமைப்பில் மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸ், அதாவது ஒரே நேரத்தில் ஓடக்கூடிய ப்ராசஸ்களின் உச்ச எண்ணிக்கை, 150. ஒரு ப்ராசஸுக்கு 60 எம்பி என்றால் 150 × 60 = 9,000 எம்பி. இருப்பதோ 2,048. போதாக்குறைக்கு, இணைப்பை மூடாமல் வைத்திருக்கும் கீப்அலைவ் 5 விநாடி: வாசகர் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதும் அவருக்காக ஒரு 60 எம்பி ப்ராசஸ் சும்மா காத்திருக்கிறது. கூட்டம் வந்ததும் சர்வர் ஸ்வாப்பில் (ரேம் போதாதபோது டிஸ்கை நினைவகமாகப் பயன்படுத்துவது) விழுந்து, எஸ்எஸ்எச் வழியாகக்கூட உள்ளே நுழைய முடியாத நிலை வருவது இதனால்தான். அப்பாச்சி கனம் என்ற கெட்ட பெயரில் பெரும்பகுதி ப்ரீஃபோர்க் சம்பாதித்துக் கொடுத்தது.

என்ஜின்எக்ஸை இகோர் சிசோயேவ் 2004-இல் வெளியிட்டார். ஒரே சர்வரில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்பதுதான் அப்போதைய கேள்வி. இணைப்புக்கு ஒரு ப்ராசஸ் என்று இல்லாமல், கோருக்கு ஒரு வொர்க்கர், அதற்குள் ஆயிரக்கணக்கான இணைப்புகள் என்பது அதன் விடை. சும்மா காத்திருக்கும் இணைப்புக்குச் சில கேபி நினைவகம்தான் செலவு.

இப்போது ப்ரீஃபோர்க்கில் இருப்பவர்கள் அப்பாச்சியை விட்டுப் போகாமலே தப்பிக்கலாம். பிஎச்பி8.2-எஃப்பிஎம் பேக்கேஜை நிறுவுங்கள். ஏ2டிஸ்மாட் கட்டளையால் பிஎச்பி8.2, எம்பிஎம்_ப்ரீஃபோர்க் இரண்டையும் இதே வரிசையில் அணையுங்கள். ஏ2என்மாட் கட்டளையால் எம்பிஎம்_ஈவன்ட், ப்ராக்ஸி_எஃப்சிஜிஐ, செட்என்விஃப் மூன்றையும் இயக்குங்கள். பிறகு ஏ2என்கான்ஃப் பிஎச்பி8.2-எஃப்பிஎம், கடைசியாக ரீஸ்டார்ட். அப்பாச்சிசிடிஎல் கட்டளையை பெரிய 'வி' எழுத்தோடு ஓட்டினால் சர்வர் எம்பிஎம் என்ற வரியில் ஈவன்ட் என்று வர வேண்டும். பின்னாளில் யாராவது லிப்அப்பாச்சி2-மாட்-பிஎச்பி பேக்கேஜை நிறுவினால் அது மீண்டும் ப்ரீஃபோர்க்குக்கு இழுத்துப் போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்னால் என்ஜின்எக்ஸ், பின்னால் அப்பாச்சி என்று இரண்டும் வைக்கலாமா?

எச்டிஅக்ஸஸ் இல்லாமல் முடியவே முடியாது என்றால் மட்டும். மற்றபடி இரண்டு கான்ஃபிக், இரண்டு லாக், இரண்டு டைம்அவுட் என்று வேலை இரட்டிப்பாகும். வைத்தே ஆக வேண்டுமென்றால் மாட்_ரிமோட்ஐபியை இயக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் அப்பாச்சி லாகில் எல்லா வாசகரும் 127.0.0.1 ஆகத் தெரிவார்கள். ஐபியைத் தடுக்கும் பாதுகாப்பு ப்ளகின் ஒரே ஒருவரைத் தடுக்கப் போய் மொத்தத் தளத்தையும் மூடிவிடும்.

பிஎச்பி-எஃப்பிஎம்மில் மேக்ஸ்_சில்ட்ரன் எவ்வளவு வைப்பது?

ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிஎச்பி ப்ராசஸ்களின் உச்ச எண்ணிக்கைதான் மேக்ஸ்_சில்ட்ரன். கூடவே வரும் இயல்புநிலை மதிப்பு 5. சின்னக் கூட்டத்துக்கே இது போதாது. எஃப்பிஎம் லாகில் "மேக்ஸ்_சில்ட்ரன் எல்லையை எட்டிவிட்டது, கூட்டுங்கள்" என்ற எச்சரிக்கை வந்து விழும். அதைப் பார்த்ததும் 50, 100 என்று ஏற்றிவிடுகிறவர்கள்தான் அதிகம். கணக்குப் போட்டுவிட்டு ஏற்றுங்கள்.

மொத்தம் 2,048 எம்பி. இயங்குதளத்துக்கும் சில்லறை வேலைகளுக்கும் 300. மரியாடிபிக்கு 500: அதன் தரவை நினைவில் வைத்துக்கொள்ளும் இன்னோடிபி பஃபர் பூல் இயல்பாக 128 எம்பி, அதை 256 ஆக்கினால் மற்றதையும் சேர்த்து இந்த அளவுக்குள் நிற்கும். என்ஜின்எக்ஸுக்கு 50. ஓபிகேஷுக்கு (பிஎச்பி நிரலைத் தயார் நிலையில் நினைவில் வைக்கும் பகுதி) 128, அதை 150 என்று வையுங்கள். கோப்புகளை நினைவில் வைத்துக்கொள்ள கெர்னலுக்கு 200. மீதி 848. உங்கள் தளத்தில் ஒரு பிஎச்பி ப்ராசஸ் எவ்வளவு எடுக்கிறது என்பதை எஸ்மெம் கருவியில் பிஎஸ்எஸ் பத்தியில் பாருங்கள். டாப், பிஎஸ் காட்டும் ஆர்எஸ்எஸ் எண், பகிர்ந்துகொள்ளும் ஓபிகேஷ் நினைவகத்தையும் ஒவ்வொரு ப்ராசஸிலும் சேர்த்துக் காட்டுவதால் அதிகமாகத் தெரியும். 60 எம்பி என்றால் 848 ÷ 60, அதாவது 14. பன்னிரண்டு வைத்தால் நிம்மதி.

"பன்னிரண்டுதானா?" என்று தோன்றும். சிபியு கணக்கைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு சிபியு 200 மில்லிசெகண்டு உழைத்தால் ஒரு கோர் விநாடிக்கு 5 பக்கம் தரும். இரண்டு கோருக்கு 10. நூறு ப்ராசஸ் திறந்தாலும் அதே 10தான். எல்லாரும் சேர்ந்து மெதுவாவார்கள், கூடவே ரேமும் போகும். விநாடிக்குப் பத்துக்கு மேல் வேண்டுமென்றால் வழி கேஷ்தான் (ஒருமுறை கட்டியதை வைத்திருந்து மறுபடி தருவது), ப்ராசஸ் எண்ணிக்கை அல்ல.

ரேம் மீறினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்கட்டும்: கெர்னல் பெரிய ப்ராசஸாகப் பார்த்துக் கொல்லும். பெரும்பாலும் அது மரியாடிபி. தளத்தில் "டேட்டாபேஸ் இணைப்பை ஏற்படுத்துவதில் பிழை" என்று வரும். எல்லாரும் டேட்டாபேஸைச் சந்தேகிப்பார்கள். டிமெஸேஜ் கட்டளையை ஓட்டி "அவுட் ஆஃப் மெமரி" என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் குற்றவாளி மேக்ஸ்_சில்ட்ரன். 1 ஜிபி ஸ்வாப், ஸ்வாப்பினெஸ் 10 என்று வைப்பது ஒரு நல்ல முன்ஜாக்கிரதை.

பிஎம் முறையில் ஸ்டேட்டிக், டைனமிக், ஆன்டிமாண்ட்: எது?

எஃப்பிஎம் தன் ப்ராசஸ்களை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதுதான் பிஎம்; மேலே சொன்ன ஸ்டேட்டிக், டைனமிக் கோரிக்கைகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சர்வரில் ஒரே தளம் என்றால் ஸ்டேட்டிக் (எப்போதும் ஒரே எண்ணிக்கை). ஆள் வராத பத்துத் தளங்கள் என்றால் ஆன்டிமாண்ட் (கேட்கும்போது மட்டும் எழுவது). மேக்ஸ்_ரிக்வெஸ்ட்ஸ் 500 (அத்தனை கோரிக்கைக்குப் பிறகு ப்ராசஸைப் புதுப்பிக்கும்) என்று வைத்தால், ப்ளகின்கள் கசியவிடும் நினைவகம் சேர்ந்துபோகாது.

502, 504 இரண்டும் மாறி மாறி வருகின்றன. எங்கே பார்ப்பது?

என்ஜின்எக்ஸின் எரர் லாகைத் திறந்து, அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். என்ஜின்எக்ஸால் பிஎச்பியிடமிருந்து சரியான பதில் பெற முடியவில்லை என்பது 502. அதற்குப் பின்னால் மூன்று காரணங்கள் அடிக்கடி வரும். எண் 2 என்றால் சாக்கெட் கோப்பே (என்ஜின்எக்ஸும் பிஎச்பியும் பேசிக்கொள்ளும் வழி) இல்லை. பிஎச்பியை அப்கிரேட் செய்திருப்பீர்கள், ஃபாஸ்ட்சிஜிஐ_பாஸ் வரியில் பழைய பதிப்பு எண்ணுள்ள பாதையே இருக்கும். எண் 13 என்றால் அனுமதிச் சிக்கல். எஃப்பிஎம் பூல் கோப்பில் லிசன்.ஓனர், லிசன்.குரூப் இரண்டும் என்ஜின்எக்ஸ் ஓடும் பயனருக்கு, டெபியனில் அது டபிள்யுடபிள்யுடபிள்யு-டேட்டா, உரியதாக இருக்க வேண்டும். எண் 11 என்றால் சாக்கெட்டின் காத்திருப்பு வரிசை நிரம்பிவிட்டது: பிஎச்பி ப்ராசஸ் எல்லாம் பிஸி. வரிசையை நீட்டிப்பது வலியைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

504 என்றால் பிஎச்பி உயிரோடு இருக்கிறது, ஆனால் 60 விநாடிக்குள் பதில் தரவில்லை. இங்கே டைம்அவுட்டை 300 ஆக்குவது எல்லாரும் செய்யும் தவறு. மாட்டிக்கொண்ட ப்ராசஸ் இன்னும் நான்கு நிமிடம் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். லினக்ஸில் பிஎச்பியின் 30 விநாடி எக்ஸிக்யூஷன் டைம், டேட்டாபேஸுக்கோ வெளி ஏபிஐக்கோ காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் அது காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். பூல் கோப்பில் ரிக்வெஸ்ட்_டெர்மினேட்_டைம்அவுட் 60 விநாடி, ரிக்வெஸ்ட்_ஸ்லோலாக்_டைம்அவுட் 5 விநாடி, ஸ்லோலாக் கோப்பின் பாதை ஆகிய மூன்றையும் போடுங்கள். எந்தப் ப்ளகினின் எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்று ஸ்லோலாக் வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும்.

413 வந்தால் படம் பெரிது: என்ஜின்எக்ஸின் கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் இயல்பாக 1 எம்பி. பிஎச்பியின் அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் 2 எம்பி, போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் 8 எம்பி. மூன்றையும் சேர்த்து ஏற்றுங்கள்.

ஸ்டேட்டிக் கோப்புகளுக்கு என்னென்ன அமைக்க வேண்டும்?

முதலில், இல்லாத கோப்பு. வேர்ட்பிரஸுக்கான வழக்கமான ட்ரை_ஃபைல்ஸ் வரி, கோப்பு கிடைக்காவிட்டால் இன்டெக்ஸ்.பிஎச்பிக்கு அனுப்பும். நீக்கப்பட்ட ஒரு படத்தைப் பழைய பக்கங்கள் கேட்டுக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு தடவையும் முழு வேர்ட்பிரஸும் எழுந்து "இல்லை" என்று அழகான பக்கம் கட்டித் தரும். படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், எழுத்துரு ஆகிய நீட்டிப்புகளுக்குத் தனி லொகேஷன் (என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில் குறிப்பிட்ட முகவரிகளுக்கான பகுதி) எழுதி, அதில் ட்ரை_ஃபைல்ஸின் கடைசியில் "=404" போடுங்கள். ப்ளகின் ஏதாவது இத்தகைய முகவரியில் பிஎச்பி வழியாகக் கோப்பு தந்தால் அது உடையும். அந்த முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

அதே லொகேஷனில் கேஷ்-கன்ட்ரோல்: மேக்ஸ்-ஏஜ் 31536000, அதாவது ஒரு வருடம். பெயரிலோ முகவரியிலோ பதிப்பு எண் உள்ள கோப்புக்கே இது பொருந்தும். அதே பெயரில் மேலெழுதப்படும் லோகோ மாதிரி கோப்புகளுக்கு ஒரு நாள் போதும். இங்கே ஒரு பொறி உண்டு. லொகேஷனுக்குள் ஒரு ஆட்_ஹெடர் எழுதினாலே, மேலே சர்வர் பிளாக்கில் எழுதிய ஆட்_ஹெடர் எல்லாம் அந்த இடத்தில் செல்லாமல் போகும். பாதுகாப்பு ஹெடர்கள் படங்களுக்கும் ஸ்கிரிப்டுக்கும் காணாமல் போவது இப்படித்தான். அவற்றைத் தனிக் கோப்பில் வைத்து இரண்டு இடத்திலும் இன்க்ளூட் செய்யுங்கள்.

அனுப்பும் முன் கோப்பைச் சுருக்கும் ஜிஸிப் இயக்கத்தில் இருந்தாலும் ஜிஸிப்_டைப்ஸ் எழுதாதவரை எச்டிஎம்எல் மட்டும்தான் சுருங்கும். சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ஜேசன், எஸ்விஜி, எக்ஸ்எம்எல் சேருங்கள். சுருக்கும் அளவு 4 அல்லது 5 போதும்; 9 வைத்தால் சிபியு எரியும், கோப்பு அவ்வளவாகக் குறையாது. ஜேபெக், வெப்பி, வோஃப்2 மூன்றும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, அவற்றைச் சேர்க்க வேண்டாம்.

தமிழ்த் தளம் என்பதால் தனியாகக் கவனிக்க ஏதாவது உண்டா?

உண்டு. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'கொ' என்பதே இரண்டு குறியீடு, 6 பைட். அதனால் ஜிஸிப் இல்லாத தமிழ்ப் பக்கம் வீணாகப் பெருத்திருக்கும், சுருக்கினால் பல மடங்கு இறங்கும். தமிழ்த் தளம் ஜிஸிப் இல்லாமல் ஓடக்கூடாது.

முகவரியில் தமிழ் வைத்தால் ஒவ்வொரு குறியீடும் சதவீதக் குறியோடு 9 எழுத்தாக நீளும். வேர்ட்பிரஸ் அந்த நீண்ட வடிவத்தையே 200 இடத்துக்குள் சேமிக்கிறது. ஆக 22 குறியீட்டோடு உங்கள் தலைப்பு முகவரியில் வெட்டுப்படும். நீளமான ஒரே மாதிரித் தலைப்புகளில் தொடர் எழுதினால், முகவரிகள் எல்லாம் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டுக் கடைசியில் 2, 3 என்று எண் மட்டும் வேறுபடும். சுருக்கமான முகவரியைக் கையால் எழுதிவிடுவது நல்லது.

படக் கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று. 'கொடி' என்ற பெயரில் உள்ள ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை இதைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸோ பைட் பைட்டாக ஒப்பிடும். அங்கிருந்து எஃப்டிபியில் ஏற்றிய படம் சர்வரில் கண்ணெதிரே இருந்தும் உலாவியில் 404 வருவதற்கு இது காரணம். கான்வ்எம்வி கருவியில் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே குறியீடாகச் சேர்த்தெழுதுவது) மாற்றலாம். இனி வரும் படங்களுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள்.

முழுப் பக்க கேஷை என்ஜின்எக்ஸிலேயே எப்படி அமைப்பது?

ஃபாஸ்ட்சிஜிஐ_கேஷ் என்று தேடுங்கள். பிஎச்பி ஒருமுறை கட்டிய பக்கத்தைக் கோப்பாக வைத்துக்கொண்டு, அடுத்தவருக்கு என்ஜின்எக்ஸே கொடுத்துவிடும். டைனமிக் பக்கம் அந்தக் கணத்தில் ஸ்டேட்டிக் ஆகிவிடுகிறது. விநாடிக்குப் பத்து தந்த அதே இயந்திரம் ஆயிரக்கணக்கில் தரும்.

கீஸ்_ஸோன் 10 எம்பி (சுமார் 80,000 பக்கங்களின் குறிப்புக்குப் போதும்), மேக்ஸ்_சைஸ் 500 எம்பி, இன்ஆக்டிவ் 60 நிமிடம். 200 (சரியாகக் கிடைத்த) பதிலுக்கு 5 நிமிடம், 404-க்கு (இல்லாத பக்கம்) 1 நிமிடம். ஃபாஸ்ட்சிஜிஐ_கேஷ்_லாக் கட்டாயம் ஆன்: ஒரு பக்கத்தை ஒரே நேரத்தில் நூறு பேர் கேட்டால் ஒருவருக்காக மட்டும் பிஎச்பி ஓடும், மற்றவர்கள் அந்த முடிவுக்குக் காத்திருப்பார்கள். யூஸ்_ஸ்டேல் வரியில் எரர், டைம்அவுட், அப்டேட்டிங், எச்டிடிபி_500 கொடுத்தால் டேட்டாபேஸ் விழுந்தபோதும் பழைய பக்கம் வாசகருக்குக் கிடைக்கும். உள்நுழைந்தவரின் குக்கி (வேர்ட்பிரஸ்_லாக்ட்_இன் என்று தொடங்குவது), கருத்து எழுதியவரின் குக்கி, போஸ்ட் கோரிக்கை, டபிள்யுபி-அட்மின் ஆகியவற்றுக்குப் பைபாஸ் (கேஷிலிருந்து தராதது), நோ_கேஷ் (கேஷில் வைக்காதது) இரண்டும் வேண்டும். குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் அழிக்கும் வசதி இலவச என்ஜின்எக்ஸில் இல்லை, தனி மாட்யூல் தேவை. 5 நிமிடம் என்று குறைவாக வைப்பதே எளிது.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அப்ஸ்ட்ரீம்_கேஷ்_ஸ்டேட்டஸ் மாறியை ஒரு ஹெடராக அனுப்பி, கர்லில் இரண்டு தடவை கேளுங்கள். முதலில் மிஸ் (கேஷில் இல்லை), அடுத்தது ஹிட் (கேஷிலிருந்து வந்தது). எப்போதும் மிஸ் என்றால் பதில் ஹெடரில் எக்ஸ்பயர்ஸ் வரியைப் பாருங்கள். அங்கே 1981 நவம்பர் 19 என்ற தேதி இருந்தால் ஏதோ ஒரு ப்ளகின் செஷன்_ஸ்டார்ட்டை அழைக்கிறது. பிஎச்பி அப்போது தானாக அனுப்பும் தேதி அது. ஹெடரைப் புறக்கணிக்கச் சொல்லி என்ஜின்எக்ஸை வற்புறுத்தாதீர்கள். ஒருவருடைய செஷன் குக்கி கேஷில் ஏறி எல்லாருக்கும் போய்ச் சேரும். ப்ளகினை மாற்றுங்கள்.

ஃபேஸ்புக்கில் பகிர்ந்தால் கேஷ் வேலை செய்யவில்லை என்ற புகார் நிறைய வரும். ஃபேஸ்புக் ஒவ்வொரு கிளிக்குக்கும் எஃப்பிகிளிட் என்று வேறுவேறு வால் சேர்க்கிறது. கேஷ் கீயில் முழு முகவரி இருப்பதால் ஒவ்வொருவரும் புது ஆள். கீயில் ரிக்வெஸ்ட்_யுஆர்ஐ-க்குப் பதில் யுஆர்ஐ மாறியைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். போடாதீர்கள்: ட்ரை_ஃபைல்ஸ் உள்ளே திருப்பிவிட்ட பிறகு அது எல்லாப் பக்கத்துக்கும் இன்டெக்ஸ்.பிஎச்பி ஆகிவிடும், தளம் முழுக்க ஒரே கட்டுரை தெரியும். மேப் பிளாக்கில், கேள்விக்குறியை அடுத்து எஃப்பிகிளிட் என்று தொடங்கினால் அதற்கு முந்தைய பகுதியை மட்டும் எடுத்து, அந்த மாறியைக் கீயில் வையுங்கள்.

வேர்ட்பிரஸின் தானியங்கி வேலைகள் (டபிள்யுபி-கிரான்) பிஎச்பி எழும்போதுதான் ஓடும் என்பதால், கேஷ் வந்த பிறகு அவை தாமதமாகும். நேரம் குறித்த கட்டுரை குறித்த நேரத்தில் வெளியாகாது. டபிள்யுபி-கிரானை அணைத்து, சர்வரின் கிரானில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விடுங்கள்.

கடை, உறுப்பினர் தளம் போல கேஷ் செய்ய முடியாதது என்றால்?

கூடை, பணம் கட்டும் பக்கம், உறுப்பினர் பக்கம் தவிர மற்றதை கேஷ் செய்யலாம். பெரும்பாலான வருகை அங்கேதான். மீதிக்கு, டேட்டாபேஸ் பதில்களை ரேமில் வைத்துக்கொள்ளும் ரெடிஸ் ஆப்ஜெக்ட் கேஷ் க்வெரிகளைக் குறைக்கும். அதற்கு 64 எம்பி ஒதுக்கி, மேக்ஸ்_சில்ட்ரனில் ஒன்றைக் குறையுங்கள்.

என்ஜின்எக்ஸுக்கு மாறியதும் எச்டிஅக்ஸஸ் என்ன ஆகும்?

யாரும் படிக்க மாட்டார்கள். முகவரி உடைந்தால் உடனே தெரிந்துவிடும். பாதுகாப்பு விதி உடைந்தால் தெரியாது, அதுதான் ஆபத்து. அப்லோட்ஸ் கோப்புறையில் பிஎச்பி ஓடாமல் தடுத்த விதி, பேக்கப் கோப்புறையை மூடிய விதி, புள்ளியில் தொடங்கும் கிட், என்வ் கோப்புகளை மறைத்த விதி எல்லாம் போய்விடும். மாறுவதற்கு முன் ஃபைன்ட் கட்டளையால் எல்லா எச்டிஅக்ஸஸ் கோப்புகளையும் பட்டியலெடுத்து, ஒவ்வொன்றையும் லொகேஷனாக எழுதுங்கள்.

சிடிஎன் போட்டுவிட்டால் இதெல்லாம் வேண்டாமா?

சிடிஎன் என்பது கோப்புகளின் நகலை வாசகருக்கு அருகிலுள்ள சர்வர்களிலிருந்து தரும் சேவை; படங்களுக்கு நல்லது. ஆனால் கிளவுட்ஃப்ளேர் போன்ற சிடிஎன் இயல்பாக எச்டிஎம்எல்லை கேஷ் செய்வதில்லை, ஆகவே பிஎச்பி சுமை அப்படியே இருக்கும்.

முடிவு வெளியாகும் நாளில் மட்டும் கூட்டம் பல மடங்கு. பெரிய சர்வர் எடுப்பதா?

கல்லூரித் தளங்களில் வழக்கமாக வரும் கேள்வி. தேர்வு முடிவு வெளியாவதற்கு முன்பே முழுவதும் தெரிந்த தகவல். ஒவ்வொருவர் கேட்கும்போதும் டேட்டாபேஸில் தேட வேண்டிய அவசியமே இல்லை. பதிவு எண், பிறந்த தேதி இரண்டையும் சேர்த்து எஸ்எச்ஏ-256 (தரவிலிருந்து கணக்கிடும் விரல்ரேகை போன்ற எண்) எடுத்து, அதைப் பெயராக வைத்து ஆளுக்கொரு ஜேசன் கோப்பை முந்தின இரவே எழுதிவிடுங்கள். உலாவியில் உள்ள ஸ்கிரிப்ட் அதே கணக்கைப் போட்டு அந்தக் கோப்பைக் கேட்கும் (எச்டிடிபிஎஸ் இல்லாவிட்டால் உலாவியின் கிரிப்டோ வசதி வேலை செய்யாது). ஐயாயிரம் மாணவர், கோப்புக்கு 2 கேபி என்றால் எல்லாம் சேர்ந்து 10 எம்பி. முழுவதும் ரேமிலேயே தங்கும், பிஎச்பி எழவே எழாது.

பிறந்த தேதியை யாரும் அடுக்கடுக்காக ஊகித்துப் பார்க்காமலிருக்க, ஒரு ஐபியிலிருந்து வரும் கோரிக்கைகளை அளவோடு நிறுத்தும் லிமிட்_ரெக் போடுங்கள். விநாடிக்கு 1 என்று இறுக்கிவிட வேண்டாம்: மொபைல் நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே ஐபிக்குப் பின்னால் வைப்பதால், நியாயமான மாணவர்களே மாட்டிக்கொள்வார்கள். விநாடிக்கு 10, பர்ஸ்ட் 50 (திடீர்க் கூட்டத்துக்கான கூடுதல் இடம்), நோடிலே (அவற்றைக் காக்க வைக்காதது) என்று தொடங்கி லாகைப் பார்த்து மாற்றுங்கள். இது வேகத்தைக் குறைக்குமே தவிர முழுப் பூட்டு அல்ல. மதிப்பெண்ணுக்கு மேல் தனிப்பட்ட தகவல் எதையும் அந்தக் கோப்பில் வைக்காதீர்கள். கோப்புறையை வேறு பெயரில், வெளியிலிருந்து எட்டாத இடத்தில் வைத்திருந்து, அறிவித்த நேரத்தில் எம்வி கட்டளையால் உரிய இடத்துக்கு மாற்றுங்கள். ஒரே டிஸ்க் பகுதிக்குள் என்றால் அது ஒரு கணத்தில் முடியும். முந்தின நாள் வேறொரு இயந்திரத்திலிருந்து டபிள்யுஆர்கே என்ற சுமைச் சோதனைக் கருவியில் 200 இணைப்பு, 30 விநாடி என்று ஓட்டிப் பாருங்கள். சர்வரிலேயே ஓட்டினால் சோதனையே சிபியுவைத் தின்றுவிடும், எண் பொய்யாகும்.